ஆறாவது கேள்வி

எங்கள் விடுதிக்கு என் தகப்பனார் பெயர். குற்றாலத்தில் அந்தப் பெயருக்கு மரியாதை உண்டு. என் மகள் முத்துச்செல்வி பெங்களூர் வேலையை விட்டு வந்து விடுதியின் பெயரில் ஒரு செயலி செய்தபோது, நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: முழு விவரம் தராத யாரும் செயலிக்குள் வரக்கூடாது.

எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர், எங்கே கூட்டம் என்று அது சொல்லும். மலைமேல் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மாடக்கண்ணு தண்ணீர் பெருகுவதைப் பார்த்துக் கூப்பிட்டால், சேர்ந்தவர்கள் எல்லாருடைய போனும் சங்கு ஊதுவதுபோல் அலறும். பைக்குள் கிடந்தாலும் கேட்கும். சேருவதற்குப் பதினொரு கேள்விகள். அத்தனையும் நான் எழுதியவை. முன்னொரு சீசனில் பொய்ப்பெயரில் தங்கிய இருவரால் விடுதியின் பெயர் பத்திரிகையில் வந்தது. அதை நான் மறக்கவில்லை.

சீசன் தொடங்கி ஒரு மாதத்தில் முத்துச்செல்வி என்னிடம் வந்தாள்.

“நூறு பேரு சேர வாராங்கப்பா. முப்பத்திநாலு பேருதான் முடிக்காங்க. ஆறாவது கேள்வியில பொம்பளைங்க ஓடிப்போயிருதாங்க. அருவியில குளிக்க புருஷன் பேரு எதுக்கு? தண்ணி கேக்கவா போவுது?”

“நம்ம பேரு கெட்டுச்சுன்னா அந்தத் தண்ணியா கழுவித் தரும்? முடிச்ச முப்பத்திநாலுல எத்தன பேரு இன்னும் இருக்காங்க?”

“முப்பது.”

“பாத்தியா. ஒழுங்கா விவரம் சொல்லுதவன் நிலைச்சு நிப்பான்.”

“நிலைச்சு நிக்கப்போறவன்தான் பதினோரு கேள்விக்கும் பொறுமையா இருக்கான். கேள்வியால அவன் நிக்கல. மொதல்ல நம்பர் மட்டும் வாங்குவோம், மத்தத அப்புறம் கேப்போம். பாதியில விட்டவங்களுக்கு எச்சரிக்கையாவது போவட்டும்பா.”

ஊர் பேர் முழுதாகச் சொல்லாதவனுக்கு என் தகப்பனார் பெயரில் ஒரு செய்தியும் போகக்கூடாது என்றேன். அவள் வாதம் சரி என்று அப்போதே தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மாற்றிக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு மாடக்கண்ணு கூப்பிட்டான்.

“அண்ணாச்சி, செந்தண்ணி வருது. மரமெல்லாம் சேத்து அடிச்சுட்டு வருது.”

முத்துச்செல்வி செயலியில் சங்கை ஊதினாள். போலீசுக்கும் சொன்னாள். அவர்கள் பெரிய அருவியில் விசிலடித்து எல்லாரையும் வெளியேற்றினார்கள். அருவிக்குக் கீழே தோப்புக்குள் ஓடும் ஓடையில் காவல் கிடையாது. பாதியில் விட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எண்கள் இருந்தன, அவர்களுக்கு மொத்தமாக அனுப்பச் செயலியில் வழி வைக்கவில்லை. ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். பலர் எடுக்கவில்லை. கடையம் காளீஸ்வரி, ஆறாவது கேள்வியில் நிறுத்தியவர். மணி அடித்து ஓய்ந்தது. அடுத்த எண்ணுக்குப் போனேன்.

பதினொன்று நாற்பதுக்கு வெள்ளம் மலையிறங்கி வந்து சேர்ந்தது. ஓடையில் ஒரு பெண்ணைத் தண்ணீர் இழுத்துப்போய்விட்டதாக மதியம் செய்தி வந்தது. பெயர் தெரியவில்லை.

இரண்டு மணிக்கு என் போன் அடித்தது. பட்டியலில் பார்த்தேன், காளீஸ்வரியின் எண். அப்பாடா என்று எடுத்தேன்.

ஆண் குரல். “யாரு பேசுதீங்க? எங்க அக்கா போனுக்கு இந்த நம்பர்ல இருந்து வந்திருக்கு. தெரியாத நம்பருன்னு கூட வந்தவங்க எடுக்கலையாம்.”

பெயரைச் சொன்னேன். விடுதியையும் சொன்னேன்.

“என்ன விஷயமா கூப்பிட்டீங்க?”

“தண்ணி வருதுன்னு சொல்ல.”

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“பதினொண்ணு பத்துக்கு.”

“இதுல பதினொண்ணு முப்பத்தொண்ணுன்னு கிடக்கு.”

முத்துச்செல்வி போனுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

“வரிசையா ஒவ்வொருத்தராக் கூப்பிட்டோம் தம்பி.”

“மத்தவங்களுக்கெல்லாம் சங்கு ஊதிச்சாமே. ஓடையில நின்னவங்க அதக் கேட்டுத்தான் கரையேறினாங்களாம். எங்க அக்கா தள்ளி மறைவா குளிச்சிருக்கா, அவ போன வச்சிருந்த கூட வந்தவங்களும் அங்கதான், அந்தச் சத்தம் அங்க கேக்கல. அவ போன்லயும் உங்க ஆப்பு இருக்கே. ஏன் ஊதல?”

“விவரம் முழுசா குடுக்கல. குடுக்காதவங்களுக்கு ஊதக்கூடாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன்.”

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

“தென்காசி ஆஸ்பத்திரியில இருக்கோம். பிணவறைக்கு வெளியில எங்க அம்மா உக்காந்திருக்கா. இத அவகிட்ட வந்து சொல்லுங்க. என்னால சொல்ல முடியாது.”

சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். கூட வருவதாக முத்துச்செல்வி சொன்னாள். வேண்டாம் என்றேன்.