மருந்து போடாத மீன்

மீன் மேசைக்கு வந்ததுமே காம்சுன் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி ஆவியில் வெந்த புல்கெண்டை. அவர்கள் குளத்து மீன்தான். குளிர்காலப் பண்டிகைக்கு வர லீவு கிடைக்காது என்று சொல்லியிருந்த மகள் லாய்ஷான், காலையில் திடுதிப்பென்று வாசலில் வந்து நின்றாள். அவன் மனைவி வைஹிங் உடனே வலையைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு ஓடினாள். அப்போதே காம்சுன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாவி மனுஷனுக்கு வாய் வரவில்லை.

லாய்ஷானுக்கு சல்ஃபா மருந்து ஆகாது. ஒருமுறை மாத்திரையாக விழுங்கி, முகம் வீங்கி, மூச்சடைத்து, செத்துப் பிழைத்தாள். மீனுக்கு நோய் வந்தால் காம்சுன் தீவனத்தில் பிசைந்து போட்டுவந்ததும் அதே மருந்துதான். ஆஸ்பத்திரியிலிருந்து பெண் திரும்பிய அன்றே வைஹிங் மருந்துப் பொட்டலங்களை எல்லாம் வீட்டை விட்டு அகற்றினாள். அதன் பிறகு பீப்பாய்களில் கரும்புப் பாகு கரைத்து, நல்ல நுண்ணுயிர்களை ஊறவைத்து, தீவனத்திலும் குளத்திலும் அதைத்தான் ஊற்றினாள். புளித்த வாடை தெருவெல்லாம் அடித்தது. "வைஹிங் மீனுக்குச் சாராயம் காய்ச்சுறா" என்று அக்கம்பக்கம் சிரித்தது. அவள் சட்டை செய்யவில்லை. மருந்தில்லாத மீன் என்று நம்பி நகரத்து வியாபாரி ஒருவர் மொத்தக் குளத்தையும் கேட்டிருந்தார். நாளைக்கு லாரி வருகிறது.

போன வாரம் குளத்தின் மூலையில் சில மீன்கள் சிவப்புப் புண்ணோடு மிதந்தன. காம்சுன் அவற்றை வாழை மரத்தடியில் புதைத்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முந்தின வருஷம் குளத்து மீனெல்லாம் செத்து வெள்ளையாய் மிதந்ததைப் பார்த்தவன் அவன். பழைய கடைக்கே போய் அதே மருந்தை வாங்கி, மாலைத் தீவனத்தில் நேற்றுவரை கலந்தான். சாவு நின்றது. வைஹிங்கிடம் மூச்சு விடவில்லை.

"இந்த வருஷம் ஒரு மீன்கூடச் சாகலைடி. எல்லாம் என் பீப்பாய்க் குட்டிங்க வேலை. உங்கப்பா மட்டும் இன்னும் நம்ப மாட்டேங்கிறாரு" என்றாள் வைஹிங்.

"அவரு எதைத்தான் நம்பினாரு? கடிகாரத்தையே ரெண்டு தடவை பார்ப்பாரு" என்று மகள் சிரித்தாள்.

வைஹிங் வயிற்றுப் பக்கத்துச் சதையாகப் பார்த்து எடுத்து மகளின் கிண்ணத்தில் வைத்தாள். லாய்ஷானின் குச்சி மீனோடு வாய்க்கு அருகே போனது. காம்சுன் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். மீன் சோற்றில் விழுந்தது.

"சாப்பிடாதம்மா. அதுல மருந்து இருக்கு. நான்தான் போட்டேன்."

வைஹிங்குக்கு முதலில் விளங்கவில்லை. புண் வந்த மீனையும் வாழை மரத்தடியையும் அவன் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"விடுங்க, நான் இன்னும் சாப்பிடலையே" என்று சொல்லி மகள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "அப்பா, நான் இன்னிக்கு வரலேன்னா? நாளைக்கு லாரியில மீனை ஏத்தியிருப்பீங்கல்ல?"

காம்சுன் தலை குனிந்தான். ஏற்றித்தான் இருப்பான்.

"அதைத் திங்கிற வீட்டுல என்னை மாதிரி ஒருத்தி இருக்க மாட்டாளா?"

வைஹிங் போனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "அந்த வியாபாரிகிட்ட நீயே சொல்லு."

சொன்னான். எதிர்முனையில் வியாபாரி கத்தவில்லை, திட்டவில்லை. இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

"மீன் போனா போகுது. அடுத்த வருஷம் குஞ்சு விடலாம். ஆனா அந்தச் சாவை நிறுத்தினது உன் மருந்தா, என் குட்டிங்களா? நீ கை வைக்காம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். இனிமே எப்படித் தெரியும்?" என்றாள் வைஹிங்.

அவள் மகளுக்கு வேறு கிண்ணத்தில் வெறும் சோறு போட்டு, சோயா சாஸ் ஊற்றிக் கொடுத்தாள். மீன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நீ வளர்த்த மீனு. சாப்பிடு."

காம்சுன் சாப்பிட்டான். சதை இறுகி, சேற்று வாடை துளியும் இல்லாமல், அவ்வளவு ருசியாக இருந்தது. வெறும் மருந்து போட்ட வருஷங்களில் இப்படியொரு மீன் அந்தக் குளத்தில் விளைந்ததே இல்லை. அதை அவளிடம் சொல்ல அவனுக்கு இனி வாயில்லை.