இடக்கைக்குக் கொடுத்த வலக்கைக் கத்தி

அவனை எல்லாரும் ஒல்லின்னுதான் கூப்பிடுவாங்க. வயசு இருபத்திரெண்டு. இருக்கிறது ஒரு நாத்துப் பண்ணைக்குப் பின்பக்கம், ஆறு கட்டில் போட்ட ரூம்ல, ஜன்னலோரக் கட்டில்ல. வேலை ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டுறது. குச்சியச் சாய்வா சீவணும், வேர்ச்செடியையும் அதே மாதிரி சீவணும், ரெண்டையும் பொருத்தணும். ஷெட்டப் பாத்துக்கிற அக்கா அத வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாப்பாங்க. நடுவுல கோடு மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா அது கழிவு.

வெள்ளிக்கிழமை அவனுக்குப் பரீட்சை. நூறு ஒட்டுல எண்பது தேறினா வேலை நிரந்தரம். இல்லன்னா ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். மூணு வாரமா அவனுக்கு அம்பதத் தாண்டல.

கத்தியக் குறை சொல்லவும் முடியாது. சின்ன மடக்குக் கத்தி. அலகு நேரா இருக்கும், அதனால கல்லுல முழுசா படியும், இருபது இழுப்புல கூராயிடும். பக்கத்துக் கட்டில்காரன், இவன் மச்சான்னு கூப்பிடுறவன், வச்சிருந்தது வேற ரகம். வளைஞ்ச அலகு, பாதிக்குப் பல்லு, கறுப்புப் பூச்சு. கல்லுல வச்சா ஒரு ஓரம்தான் படும்.

"பாக்க மாப்பிள்ளை மாதிரி இருக்கு, ஆனா வேலைக்குப் போகாது"ன்னு மச்சானே சிரிப்பான்.

ஒல்லியோட கத்திக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மட்டும் சரிவு. தட்டைப் பக்கம் குச்சியோட படிஞ்சு போனாத்தான் வெட்டு நேரா விழும். அவன் இடக்கைக்காரன். அவன் பிடிச்சா சரிவுப் பக்கம் குச்சிக்கு வந்துடும், கத்தி உள்ள குடைஞ்சுக்கிட்டே போகும்.

வேலைக்குச் சேந்த அன்னைக்கே அக்கா கேட்டாங்க, "எந்தக் கை?" இடதுன்னு சொன்னா வேணாம்னுடுவாங்களோன்னு பயந்து, "வலது"ன்னுட்டான். அந்த ஒரு வார்த்தையிலதான் வலக்கைக் கத்தி வந்து சேந்துச்சு. அக்கா கட்டி முடிச்ச ஒட்டத்தான் பாப்பாங்க, கட்டுற கையப் பாக்க மாட்டாங்க.

புதன்கிழமை அவனே ஒரு வழி கண்டுபிடிச்சான். தட்டைப் பக்கத்தையும் கல்லுல தீட்டினான். இப்ப ரெண்டு பக்கமும் சரிவு. வியாழன் காலையில நாப்பதுகூடத் தேறல.

"கல்லு மோசம்னு சொல்லிடுடா"ன்னான் மச்சான்.

"எத்தனை பொய்யத்தான் ஞாபகம் வச்சுக்கிறது மச்சான். அசதியா இருக்கு."

மத்தியானம் கத்தியக் கொண்டுபோய் அக்கா முன்னாடி வச்சான். அக்கா கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் புரட்டிப் பாத்தாங்க.

"என்ன தம்பி இது, வெங்காயம் நறுக்கவா?"

"நான் இடக்கைக்காரன்க்கா. அன்னைக்கு மாத்திச் சொல்லிட்டேன்."

அக்கா கண்ணாடியக் கழட்டினாங்க. "எதுக்கு?"

"வேணாம்னுடுவீங்களோன்னு."

"அடப்பாவி. எந்தக் கத்தி குடுக்கிறதுன்னு தெரியத்தானே கேட்டேன்." பீரோவத் திறந்து, சரிவு மறுபக்கம் இருக்கிற கத்தி ஒண்ண எடுத்துக் குடுத்தாங்க. "பரீட்சைய மட்டும் தள்ளிப் போட முடியாது."

புதுக் கத்தி வந்தா எல்லாம் சரியாயிடும்னுதான் நெனச்சான். ஆனா மூணு வாரமா கத்தி குடையாம இருக்க மணிக்கட்டத் திருப்பித் திருப்பி, கை கோணலாவே பழகியிருந்துச்சு. கத்தி நேரா போகுது, கை போகல. சாயங்காலம் வரைக்கும் வீணாப்போன குச்சிகளச் சீவிப் பாத்தான். தோளு கல்லு மாதிரி ஆயிடுச்சு.

வெள்ளிக்கிழமை முதல் இருபதுல பதினொண்ணு கழிவு. அப்புறம்தான் கொஞ்சம் படிஞ்சு வந்துச்சு. மொத்தம் எழுபத்தொண்ணு.

அக்கா கடைசிக் குச்சியக் கீழ வச்சாங்க. "கடைசி இருபதுல ஒண்ணுதான் போச்சு. அதச் சொல்லி மேல கேக்கிறேன், இன்னொரு பரீட்சைக்கு ரெண்டு வாரம் தருவாங்க. அதுக்கு மேல என் கையில இல்ல தம்பி."

"சரிக்கா"ன்னான். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்ல. ரூமுக்கு வந்து செருப்பக்கூடக் கழட்டாம படுத்துட்டான்.

இதப் படிக்கிறவங்க, பையனுக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சுன்னு இப்பவே யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ரெண்டு வாரம் பொறுங்க.