மறுப்பு: இல்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நானாக உட்கார்ந்து யோசித்த கதை இல்லை. ஒரு வெள்ளிவிழா மலரிலிருந்து எடுத்து எறியப்பட்ட ஒன்றரைப் பக்கம். எறிந்தவர் வேறு ஒருவர் என்றாலும், குப்பைக்கூடையை எடுத்து நீட்டியது நான்.

பிறருடைய சேமிப்பை வாங்கி, பங்குகளிலும் கடன்பத்திரங்களிலும் போட்டுப் பார்த்துக்கொள்கிற ஒரு தனியார் முதலீட்டு நிறுவனம். இருபத்தைந்து வருட வரலாற்றை எழுதித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே பங்கு, அண்ணனும் நானும் அப்பாவின் வீட்டைப் பிரித்துக்கொண்டதுதான். இருந்தும் தலையாட்டினேன். கூலிக்கு எழுதுகிறவனுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று உண்டா என்ன?

2

மலருக்கு நான் எழுதிய முதல் வரி: "மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில், இரண்டே அறைகளில், ஒரு முன்னாள் வங்கி அதிகாரி கண்ட கனவு—"

அடித்துவிட்டேன். கனவும் இல்லை, மண்ணும் இல்லை. வங்கியில் மேலதிகாரி எதைச் சொன்னாலும் மற்றவர்கள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவதைப் பார்த்து வெறுத்துப்போய் வேலையை விட்டவர் நிறுவனர். அதனால் தன் இடத்தில் ஒரு வினோதமான ஏற்பாட்டைச் செய்தார்.

செவ்வாய்க்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர், "இந்தக் கம்பெனியில் போடலாம்" என்று எழுதிக்கொண்டு வருவார். ஏன் போடக்கூடாது என்று சொல்வது இன்னொருவரின் வேலை. அவருக்கே அந்தக் கம்பெனி பிடித்திருந்தாலும் சொல்லியாக வேண்டும். அவருடைய மறுப்பு குறிப்பேட்டில் ஏறிய பிறகுதான் மற்றவர்கள் கை தூக்கலாம்.

பத்தொன்பது வருடமாக அந்த வேலையைச் செய்கிறவர் ஒரு பெண்மணி. அலுவலகத்தில் அவர் பெயர் 'வேண்டாம் மேடம்'. யாராவது பிறந்தநாளுக்கு கேக் நீட்டினாலும், "மேடம், இதுக்கு மறுப்பு உண்டா?" என்றுதான் கேட்பார்களாம்.

[அடியில் போட வேண்டிய குறிப்பு: ஆண்டறிக்கைகளை அவர் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். "முன்னாடி சேர்மன் சிரிச்சுக்கிட்டு இருப்பார். மறைக்க வேண்டியத எல்லாம் பின்னாடி பொடி எழுத்துல போட்டிருப்பாங்க" என்றார் என்னிடம்.]

3

அவருக்கு ஓர் அக்கா. முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் நர்ஸாக நின்று கால் வீங்கி ஓய்வு பெற்றவர். கையில் வந்ததை எங்கே போடுவது என்று பயந்தபோது தங்கைதான் தைரியம் சொன்னார்.

"வேண்டாம்னு சொல்றதுக்குன்னே அங்க எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. நான் இருக்கேன்ல, அப்புறம் என்னக்கா பயம்?"

அக்கா முழுவதையும் போட்டார். நீங்களும் நானும் போட்டிருப்போம்.

4

பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே மழை பிடித்துக்கொண்டு—

வேண்டாம். மழையைக் கொண்டுவந்தால் உங்களை அழவைக்க நானே பந்தல் போடுவது மாதிரி ஆகிவிடும். சாதாரண வெயில் நாள்.

அன்றைக்கு வந்தது குளிர்பதனக் கிடங்குகள் நடத்தும் ஒரு கம்பெனி. வேண்டாம் மேடம் நேரிலேயே போய்ப் பார்த்திருந்தார். ஏழு கிடங்கு என்று சொன்ன இடத்தில் நான்கின் கதவுக்கு முன்னால் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. உள்ளே இயந்திரம் ஓடுகிற சத்தமே இல்லை. நான்கு பக்கத்துக்கு மறுப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

ஆனால் அந்த முதலீட்டை முன்மொழிந்தவர் நிறுவனர். மனைவி இறந்து பதினாறு நாள். அன்றுதான் மறுபடி அலுவலகம் வந்திருந்தார். "ஆஸ்பத்திரியில உக்காந்து எழுதினேன். அவ தூங்கறப்போ எல்லாம்" என்று சொல்லி, தாள்களை எல்லார் முன்னாலும் ஒவ்வொன்றாக வைத்தார்.

குறிப்பு எழுதுகிறவர் பேனாவோடு நிமிர்ந்தார். "மறுப்பு?"

மேடம் தன் நான்கு பக்கத்தையும் கவிழ்த்து வைத்தார். "இல்லை."

ஒன்றரை வருடத்தில் கிடங்குக் கம்பெனி மூழ்கியது. பணத்தின் பெரும்பகுதியை அதில் போட்டிருந்த நிதித் திட்டமும், அதிலிருந்த அக்காவின் சேமிப்பும் கூடவே போயின. அக்கா தன் வீட்டை விற்றுவிட்டுத் தங்கை வீட்டுக்குக் குடிவந்தார். வந்த அன்று பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே கேட்டார்:

"நீ சொல்லலையா?"

"சொன்னேன்கா. கேக்கல."

அவ்வளவுதான். கதை முழுக்க அந்தப் பதிலுக்குள்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அக்கா அதை நம்பியதோடு விடவில்லை. பக்கத்து வீட்டில், வங்கி வரிசையில், பார்க்கிறவர்களிடம் எல்லாம், "என் தங்கச்சி அன்னிக்கே வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

5

இந்த நிறுவனரை வில்லனாக்கிப் பார்த்தேன். தடித்த மோதிரம், அதட்டல் எல்லாம் போட்டேன். ஒன்றும் ஒட்டவில்லை. மனிதர் அப்படிப்பட்டவர் இல்லை என்பதற்கு அத்தாட்சி அடுத்து வருகிறது.

அவர்கள் இருவரையும் கூட்ட அறையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். பழைய குறிப்பேட்டைத் திறந்ததும் 'மறுப்பு: இல்லை' என்ற அந்த வரி வந்தது. நிறுவனர் தொண்டையைச் செருமினார்.

"இவங்க மறுத்தாங்க, நான்தான் கேக்கலன்னு எழுதிடுங்க. எனக்கு இந்த வயசுக்கு மேல ஒரு கெட்ட பேரு சேர்ந்தா என்ன குறைஞ்சுடும்? இவங்க பேரு நல்லா இருக்கட்டும்."

மேடம் வீட்டில் சொன்ன பொய்க்கு (என்னிடம் முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்) இப்படி ஒரு முத்திரை தானாகவே தேடி வந்தது. வாங்கிக்கொள்வார் என்றே நினைத்தேன்.

"வேண்டாம் சார். நடந்ததையே எழுதட்டும்." பிறகு முதல் தடவையாக அந்த நான்கு பக்கத்தைப் பற்றி அவரிடம் சொன்னார்.

நிறுவனர் குறிப்பேட்டை மூடி வைத்தார். "ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"சட்டைப் பொத்தான மாத்திப் போட்டுட்டு வந்திருந்தீங்க சார்."

வாசலில் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது நான் மேடத்தைக் கேட்டேன். "விழாவுக்கு உங்க அக்கா வருவாங்களே, படிப்பாங்களே?"

"படிக்கட்டும்னுதான்."

"நேர்லயே சொல்லிடலாமே?"

"ஒன்பதரை வருஷமா நேர்லதான் இருக்கோம்" என்றார்.

6

எழுதினேன். ஒன்றரைப் பக்கம், அலங்காரமே இல்லாமல். இதுவரை நான் எழுதியதில் அதுதான் உருப்படி என்று இன்றும் நினைக்கிறேன்.

அச்சுக்குப் போகும் முன் நிறுவனர் கூப்பிட்டார். அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். கெட்ட பேருக்குத் தயாராக இருந்தவரால் தன்மேல் காட்டப்பட்ட பரிதாபத்தைத் தாங்க முடியவில்லை போலிருக்கிறது.

"இது இல்லாமலே புத்தகம் நிக்கும் இல்ல?"

அந்த அறையில் மறுக்க வேண்டியது என் முறை. மேடமாவது ஒரு துக்கத்தைப் பார்த்து வாயை மூடினார். நான் எதைப் பார்த்து மூடினேன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். "நிக்கும் சார்" என்றேன். இதை எழுதும்போது கூசுகிறது.

7

இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருந்தேன். ஒன்று: அக்கா, "எனக்கு அப்பவே தெரியும்டி" என்று தங்கையைக் கட்டிக்கொள்வது. சினிமாக்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும். இன்னொன்று: அக்கா புத்தகத்தில் படம் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவது, எல்லாரும் நிம்மதியாக—

நடந்தது வேறு. விழாவில் அக்கா வந்த கையோடு புத்தகத்தை வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்கதானே எழுதினது? அந்தக் கிடங்கு விஷயம் எந்தப் பக்கத்துல இருக்கு? என் தங்கச்சி வேண்டாம்னு சொன்னது?"

அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பை டீயோடு மேடம் நின்றிருந்தார். பக்கம் போய்விட்டது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. என் முகத்தையே பார்த்தார்.

"இடம் பத்தலம்மா" என்றேன்.

"அதனால என்ன தம்பி? எனக்குத்தான் தெரியுமே. அது போதும்" என்று அக்கா என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

மேடம் டீயை மேசையில் வைத்துவிட்டு, "வாக்கா, போலாம்" என்றார். கார் வரைக்கும் நான் கூடவே போனேன். பின் இருக்கையில் இருவரும் ஏறிக்கொண்டார்கள், கதவைச் சாத்தினேன்.

காருக்குள் நடந்ததை மூன்று விதமாக எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றும் எனக்கு வசதியாகவே முடிந்தன. ஒரு தடவை இடம் பத்தவில்லை என்றவன் நான்; இனி அந்த இடத்தில் நான் எழுதுவது நியாயமில்லை. உங்களுக்கு ஓர் அக்கா இருந்தால், அவரிடம் சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது இருந்தால், இதற்கு மேல் நீங்கள்தான் எழுத வேண்டும். வீட்டுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. அக்கா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்க்கிறார். தங்கை அவர் பக்கம் திரும்பி, "அக்கா, அன்னிக்கு நான்—"