இரண்டு பள்ளிக்கும் ஒரே மைக்ராஸ்கோப்

காலையில் பெண்கள் பள்ளியில் பார்த்த அதே மைக்ராஸ்கோப், மத்தியானம் ஆண்கள் பள்ளியின் மேசைமேல் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

மண்டலத் தேர்வு அதிகாரி அதை மறந்திருக்க வழியே இல்லை. அதன் பக்கத்துத் திருகு உடைந்துபோய், அந்த இடத்தில் இருமல் மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியை யாரோ ஒட்டியிருந்தார்கள். காலையில் அவளே அதைத் திருகிப் பார்த்திருந்தாள்.

எந்தெந்தப் பள்ளி தன் மாணவர்களுக்குத் தானே அறிவியல் செய்முறைத் தேர்வு நடத்தலாம் என்று சோதித்து அங்கீகாரம் கொடுப்பது அவள் வேலை. இந்தப் பள்ளியின் தலைமையாசிரியரோ அவளுடைய அக்கா புருஷன். ஆய்வக உதவியாளர் பக்கத்தில் நின்றவரைக்கும் வாய் நிறைய "மேடம்" போட்டவர், அவர் வெளியே போனதும் உறவுக்குத் தாவினார்.

"என்னம்மா, எல்லாம் திருப்திதானே? கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்கு வா. அக்கா காத்துக்கிட்டிருக்கா."

"அத்தான், இந்த மைக்ராஸ்கோப் காலையில பெண்கள் பள்ளியில இருந்துச்சு."

"மைக்ராஸ்கோப்னா எல்லாம் ஒரே ஜாடையாத்தாம்மா இருக்கும்."

"இருமல் மருந்து மூடியுமா?"

அத்தானுக்கே இருமல் வந்துவிட்டது.

அவள் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியையைப் போனில் பிடித்தாள்.

"மேடம், காலையில காட்டினீங்களே தராசுங்க, அதெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"உள்ள பூட்டிப் பத்திரமா வெச்சிருக்கோம் மேடம்."

"அப்படியா? இங்க வேன்லேர்ந்து இறங்கிக்கிட்டிருக்கே! ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டேதான் பேசறேன்."

மறுமுனையில் போன் பட்டென்று துண்டிக்கப்பட்டது.

அத்தான் நாற்காலியில் சரிந்தார். மைக்ராஸ்கோப் அவர்களுடையது, தராசு இவருடையது. சோதனைக்காக மட்டும் கைமாற்று.

"புதுசு வாங்க இன்னும் அனுமதி வரலைம்மா. நீ மாட்டேன்னா என் பசங்களுக்கு ப்ராக்டிகல் கிடையாது. ப்ராக்டிகல் இல்லேன்னா பாஸ் கிடையாது. ஒரு வருஷமே போயிடும். அந்தப் பாவம் உனக்கு வேணுமா?"

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவள் அசையவில்லை.

"நான் சோதனைக்கு ஒவ்வொரு பள்ளியா வர்றேன். தேர்வு எல்லா மையத்துலயும் ஒரே நேரத்துல நடக்குது. அன்னிக்கு இது எங்க இருக்கும்?"

"அன்னிக்குப் பாத்துக்கலாம்."

"எப்படி? பசங்க எதையும் பாக்காமலே நீங்க மார்க் போட்டா?"

அத்தான் சுவரைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் தனி அங்கீகாரம் கிடையாது. ஆனா கூட்டு மையம் வைக்க விதி இருக்கு, அதுக்கு மட்டும் ரெண்டு வேளையாத் தேர்வு நடத்தலாம். அவங்க லேப் பெரிசு. எல்லா சாமானும் அங்கயே இருக்கட்டும். காலையில அவங்க பொண்ணுங்க, மத்தியானம் உங்க பசங்க. மத்தியானத்துக்கு வேற கேள்வி. அன்னிக்கு நானே வந்து நிப்பேன்."

"அந்தம்மா வாசல்ல என் பசங்க வரிசையில நிக்கணுமா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். பசங்க பாஸாகட்டும்."

"உங்க அக்கா உனக்குச் சோறு போட மாட்டா, சொல்லிட்டேன்!"

"வெளிய சாப்பிட்டுக்கறேன். வாங்க, பசங்ககிட்ட நீங்களே சொல்லுங்க."

தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி நடந்து, கடைசி ஆண்டு வகுப்பில் விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னார் அத்தான். கூச்சல் கிளம்பும் என்று காத்திருந்தார். பின் பெஞ்சில் ஒருவன் எழுந்தான்.

"சார், அங்க மைக்ராஸ்கோப்பை நாங்களே தொட்டுப் பாக்கலாமா?"

"இதுவரைக்கும் தொட்டதே இல்லையா?" என்றாள் அதிகாரி.

"படத்துல பாத்திருக்கோம் மேடம். பாகம் எல்லாம் மனப்பாடம்."

வகுப்பு சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று வராந்தாவுக்கு வந்து வேனைப் பார்த்துக் கத்தினார்.

"இறக்காதீங்கப்பா! இறக்கினதையும் ஏத்துங்க! மைக்ராஸ்கோப்பையும் எடுத்துக்கிட்டுப் போங்க. நாளைக்குப் பசங்க அங்கதான் பயிற்சிக்கு வருவாங்கன்னு அந்தம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க!"

பின்னாலேயே வந்த அவள் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து அறிக்கையைப் பிரித்தாள். அத்தான் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் பாத்து எழுதும்மா."

"நடந்ததை நடந்தபடி எழுதுவேன், அத்தான்."

"அப்ப நான் வேனைத் திருப்பி அனுப்பினதையும் எழுது."

"அதுவும் நடந்ததுதானே," என்று பேனாவைத் திறந்தாள்.