பூஜைக்கு நிறுத்திய கம்ப்யூட்டர்

பிரிட்டோ மறுபடியும் பட்டனை அழுத்தினான். பெட்டிக்குள் விசிறி சுற்றியது. டிக், டிக், டிக் என்று ஏதோ தட்டிவிட்டு ஓய்ந்தது. ஹார்டு டிஸ்க் இல்லை என்று திரையில் வெள்ளை எழுத்து வந்தது. உள்ளேதான் கிடக்கிறது சனியன், இல்லையாம்.

அஸ்தினாபுரத்தில் முனிரத்தினத்தின் போட்டோ ஸ்டுடியோ. அதன் பின்னறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது பிரிட்டோவின் வேலை. ஜன்னல் கிடையாது. யார் யாருடைய சித்தியோ மாமாவோ திரையில் சிரிப்பார்கள், அவனோடு பேசத்தான் ஆளில்லை. ஊரப்பாக்கத்து அறையிலும் தனிக்கட்டை. இந்த டிஸ்க்கில் இருக்கும் கல்யாணத்தில், கல்யாணப் பெண்ணின் அப்பா பந்தியில் நின்றபடி காமிராவைப் பார்த்து, "சாப்ட்டீங்களா தம்பி?" என்று கேட்பார். அந்த இடம் வரும்போதெல்லாம் பிரிட்டோ, "ஆச்சு சார்" என்று சொல்லிக்கொள்வான்.

கேபிளை மாற்றிப் பார்த்தான். டிஸ்க்கைக் கழற்றி முன்னறைக் கம்ப்யூட்டரில் மாட்டினான். அங்கேயும் அதே தட்டல். சாயங்காலம் பெண் வீட்டார் வீடியோ வாங்க வருகிறார்கள். காமிரா கார்டுகளை முனிரத்தினம் அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டார். இந்த டிஸ்க் எழுந்திருக்காவிட்டால் தனக்கு வேலை இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாளே இது தட்டத் தொடங்கிவிட்டது. அணைத்தால் மறுபடி எழுந்திருக்காது என்று முதலாளியிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு, உள்ளே இருப்பதை வேறு டிஸ்க்குக்குக் காப்பி ஓடவிட்டுப் போயிருந்தான். கெட்டுப்போன டிஸ்க், ஆமை மாதிரிதான் நகர்ந்தது. நேற்று, பூஜையன்று காலையில் பார்த்தால் காப்பி இந்தக் கல்யாண வீடியோவுக்கே இன்னும் வரவில்லை. முனிரத்தினம் தாம்பாளத்தோடு வந்து காமிரா, விளக்கு, கத்தரிக்கோல், பிரிட்டோ உட்காரும் நாற்காலி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

"பூஜைக்கு வெச்சது ஓடிகினு இருந்தா இன்னா அர்த்தம்? நாளிக்குப் பாத்துக்கலாம்."

வேண்டாம் சார் என்று பிரிட்டோ சொல்லி முடிப்பதற்குள் சுவிட்சை அணைத்துவிட்டார்.

சொன்னபடியே சாயங்காலம் பெண்ணின் அப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முனிரத்தினம் பின்னறைக் கதவைத் திறந்து காட்டினார்.

"இவன்தான் சார். ஒரு காப்பி எடுத்து வெக்கத் துப்பில்ல."

பிரிட்டோ வாயைத் திறந்தான். தான் சொன்னதை முதலாளி மறந்திருக்க முடியாது. ஆனாலும் பெண்ணின் அப்பா முகத்தைப் பார்த்ததும் எழுந்து நிற்கத்தான் முடிந்தது. அத்தனை நாள் திரையில் பழகிய முகம். அவருக்கு இவனை யாரென்றே தெரியாது.

"என்ன ஆளுப்பா நீ" என்றார் அவர். எழுந்து போய்விட்டார்.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று முனிரத்தினம் சொன்னார். போவதற்கு முன், தாம்பரத்திலிருந்து வாங்கிவந்த புது டிஸ்க்கை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டுமாம். நல்ல நியாயம். பிரிட்டோ மாட்டினான். வேண்டிய சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுப் பட்டனை அழுத்தினான். கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் எழுந்தது.

அவன் எழுந்து, சோற்று டப்பாவைப் பைக்குள் வைத்தான். முனிரத்தினம் குங்குமச் சிமிழோடு வந்து பெட்டிக்குப் புதிதாகப் பொட்டு வைத்தார். விரலில் மீந்ததைப் பிரிட்டோவின் நாற்காலி முதுகில், பழைய பொட்டுக்குப் பக்கத்தில் துடைத்துக்கொண்டார்.