குழந்தை உயிர் தப்பியதாக நான் எழுதியது

1

இந்தக் கதை எந்த இடத்தில் தொடங்கியது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அண்ணி தன் விண்ணப்பக் கட்டுரையை என்னிடம் தந்தது சமையலறையிலா, மாடிப்படியிலா என்று கேட்டால் தடுமாறுவேன். சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"தம்பி, இலக்கணம் மட்டும் பாருங்க. வேற எதுலயும் கை வைக்காதீங்க."

கை வைத்தேன். அதனால்தான் இதை எழுதவேண்டி வந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், கண்கள் நிறையக் கனவுகளோடு அந்தப் பெண் மருத்துவர்—'

(அன்று மழையே இல்லை. அண்ணியின் கண்களில் இருந்தது தூக்கம்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அண்ணி சொந்த நாட்டில் ஆறு வருடம் டாக்டராக இருந்தவர். அண்ணனோடு இங்கே வந்த பிறகு, ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கும் வேலை. வெளிநாட்டில் படித்த டாக்டர் இங்கே வைத்தியம் பார்க்க வேண்டுமானால், முதலில் பயிற்சி டாக்டராகச் சேர வேண்டும். அதற்குத் தேர்வுகள் எழுத வேண்டும். படித்த கல்லூரியே சான்றிதழை நேராக அனுப்ப வேண்டும்.* இங்குள்ள டாக்டர்கள் மூவர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். தன்னைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுத வேண்டும். நேர்காணலுக்குக் கூப்பிட்டால் உண்டு. பிறகு மருத்துவமனைகளும் டாக்டர்களும் தனித்தனியே விருப்ப வரிசை கொடுப்பார்கள். இரண்டும் பொருந்தினால் இடம்.

அண்ணிக்கு இரண்டு முறை பொருந்தவில்லை. படிப்பு முடிந்து பத்து வருடம் தாண்டியவர்களின் விண்ணப்பத்தைப் பெரும்பாலான இடங்களில் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அண்ணிக்கு அது பத்தாவது வருடம்.

* அந்தக் கல்லூரி அலுவலகம் எடுத்துக்கொண்டது பதினான்கு மாதம். அதைத் தனியாக எழுதலாம். எழுதினால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும்.

3

அந்தக் கட்டுரையில் அண்ணி எழுதியிருந்தது இது:

'இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வாந்தியும் சோர்வுமாக வந்தது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று நினைத்துச் சலைன் ஏற்றினேன். கோளாறு இதயத்தில் இருந்தது; ஏற்றிய நீரை அது தாங்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்திருந்தால் கல்லீரல் வீங்கியிருப்பது தெரிந்திருக்கும். குழந்தை இறந்துவிட்டது. அதன் பிறகு, தொட்டுப் பார்க்காமல் எந்தக் குழந்தைக்கும் நான் சலைன் ஏற்றியதில்லை.'

இதைப் படித்துவிட்டு யார் வேலை கொடுப்பார்கள் என்று நினைத்தேன். கதை எழுதுகிறவனுக்கு முடிவு என்பது கைக்கு எட்டும் பொருள். 'கடைசி நிமிடத்தில் தொட்டுப் பார்த்தேன். சலைனை நிறுத்தினேன். குழந்தை உயிர் தப்பியது.' இரண்டு வரி அடித்து மூன்று வரி சேர்த்தேன். அவ்வளவுதான்.

மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அண்ணி வேலையில் இருந்தார். போனில் கேட்டார்.

"எல்லாம் சரியா இருக்கா தம்பி?"

"பக்காவா இருக்கு அண்ணி."

"அப்போ அனுப்பிடுங்க."

நாற்பத்தொரு மருத்துவமனைகளுக்குப் போனது. இரண்டு கூப்பிட்டன.

4

அந்த அறையில் நான் இல்லை. அண்ணி சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். நீளமான மேஜை, தண்ணீர்க் குவளை, எதிரே குழந்தைகள் பிரிவின் தலைவி. அண்ணி முதல் நாள் தன் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தார். படித்தது தன்னிடம் இருந்த பழைய படியை.

(தலைவி பேசியது வேறு மொழி. இங்கே நம் மொழியில் பேசட்டும்.)

"உங்க கட்டுரையில எனக்குப் பிடிச்சதே அந்தக் குழந்தைதான். கடைசி நிமிஷத்துல தொட்டுப் பார்த்துக் காப்பாத்தினீங்களே, அதைக் கொஞ்சம் சொல்லுங்க."

இந்த இடத்தில் ஒரு வாரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணியின் மனசுக்குள் என்ன ஓடியது என்று எழுதிப் பார்த்து, எல்லாவற்றையும் அடித்தேன். அங்கே ஓடியவை என் நினைப்புகள். நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன்.

தலைவி கடிகாரத்தைப் பார்த்தார்.

"அந்தக் குழந்தை இறந்துடுச்சு," என்றார் அண்ணி. "நான் தொட்டுப் பார்க்கல. உங்ககிட்ட இருக்கறது நான் எழுதினது இல்ல. ஆனா படிச்சுப் பார்க்காம அனுப்பச் சொன்னது நான்தான். தப்பு என்னோடது."

"யார் எழுதினது?"

"எங்க வீட்ல ஒருத்தர் கதை எழுதுவார்."

தலைவி சிரிக்கவில்லை. அன்று உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டார். அண்ணி சொன்னார்: குழந்தை வந்த நேரம், நாடித் துடிப்பு, எத்தனை மில்லி ஏறியது, எப்போது மூச்சு வாங்கியது. எதையும் குறைக்கவில்லை.

5

விஷயம் தெரிந்ததும் அண்ணன் எகிறினான். "டேய், உன்னை யாருடா டாக்டர் வேலை பார்க்கச் சொன்னது? செத்தவங்களை எழுப்பற டாக்டரு!"

"விடுங்க," என்ற அண்ணி என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தப் புள்ளையோட அம்மா இதைப் படிச்சா என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சீங்களா?"

நான் யோசித்தது தேர்வுக் குழுவைப் பற்றி மட்டுமே.

இரண்டாவது நேர்காணலில் யாரும் கேட்கும்வரை அண்ணி காத்திருக்கவில்லை. உட்கார்ந்ததும், "முதல்ல என் கட்டுரையில ஒண்ணைத் திருத்தணும்," என்று ஆரம்பித்தாராம். கடைசி வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிப் பேச எத்தனை பேருக்கு நெஞ்சுரம் இருக்கும்? என் எழுத்தை இதைவிடச் சுத்தமாக யாரும் திருத்தியதில்லை. எங்கே போனாலும் 'அவங்க என் அண்ணி' என்று சொல்லிக்கொள்கிறேன், கேட்காதவர்களிடமும்.

6

முடிவு ஒன்று: முதல் மருத்துவமனையின் தலைவி எழுந்து வந்து அண்ணியின் கையைப் பிடித்து, 'உங்களைப் போன்ற ஒருவரைத்தான்—'

முடிவு இரண்டு: எங்கேயும் இடமில்லை, அண்ணி மறுநாள் வழக்கம்போல ஊசியை எடுத்து—

இதுவரை எழுதியதை அண்ணியிடம் காட்டினேன். "ரெண்டையும் அடிங்க. நடந்ததை மட்டும் எழுதுங்க," என்றார்.

நடந்தது: முதல் மருத்துவமனை அண்ணியை எடுக்கவில்லை. இரண்டாவது எடுத்தது. ஏன் என்று யாரும் சொல்வதில்லை; பொருந்தியது என்ற தகவல் மட்டும் வரும். காரணம் வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதை எழுதும் உரிமை எனக்கு இல்லை.

அண்ணன் அந்த மருத்துவமனை இருக்கும் ஊரில் வேலை தேடிக்கொண்டு கூடவே போய்விட்டான். நான் இன்னும் கதைதான் எழுதுகிறேன். அடுத்தவர் விண்ணப்பங்களைத் தொடுவதில்லை. முதல் மருத்துவமனையின் தலைவி ஓய்வு பெற்றுவிட்டார். குழந்தையின் அம்மா எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. குழந்தை இறந்துவிட்டது. அண்ணி குழந்தைகள் பிரிவில் மூன்றாம் வருடப் பயிற்சியில் இருக்கிறார்.