அப்புறம் பாத்துக்கலாம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சுவரிலிருந்து வந்தது. என் எழுதும் மேசை ஒட்டியிருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கணினியில் இசை செய்கிறாள். ஒரு வாக்கியம் அமையாமல் நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு மதியம், அங்கிருந்து தும் தும் தும் என்று ஒரே தாளம் வந்துகொண்டே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தேன். பிறகு சுவரில் முஷ்டியால் மூன்று குத்து விட்டேன். சத்தம் நின்றது. அப்பாடா என்று பேனாவை எடுப்பதற்குள் மறுபடி ஆரம்பித்தது. சட்டையை மாட்டிக்கொண்டு சண்டை போடக் கிளம்பினேன். கதையோடு திரும்பி வந்தேன்.

(சண்டை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். கதவைத் திறந்ததுமே "வாங்க சார், நீங்க வருவீங்கன்னு தெரியும், உக்காருங்க" என்று நாற்காலியில் கிடந்த துணியை ஒதுக்குகிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

இசை என்பது மனிதனின் ஆதி—

வேண்டாம். இதை நீங்களும் நானும் எத்தனையோ மேடைகளில் கேட்டுக் கொட்டாவி விட்டிருக்கிறோம். அடுத்து:

அவள் விரல்கள் விசைகளின் மேல் [நல்ல உவமை, பிறகு தேட வேண்டும்] போல—

தேடினேன், அகப்படவில்லை. அவள் விரல்கள் எதைப் போலவும் இல்லை. ஒன்றில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஆகவே உள்ளதை உள்ளபடி:

டமாரத்துக்கு அன்று எதைத் தொட்டாலும் எரிச்சலாக வந்தது.

டமாரம் என்பது அவளுக்கு அக்கா வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் பாத்திரம், பெஞ்சு, அக்காவின் முதுகு என்று ஒன்றையும் விடாமல் தட்டித் தீர்த்ததால் வந்தது. இப்போது காலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தும் தன் இசையை அப்படியேதான் சோதிப்பாள். முதல் ஒலியா, இரண்டாவதா? இரண்டும் தெளிவாகத்தான் இருக்கும். இரண்டும் வேறு யாருடையதோ மாதிரியும் இருக்கும்.

அக்கா கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள்; மாணவருக்குப் பக்கத்து இருக்கையில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. சகோதரிகள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

[அக்காவைக் கதைக்குள் விடலாமா என்று ரொம்ப யோசித்தேன். வாய் கொஞ்சம் நீளம். கதையை என் கையிலிருந்து வாங்கி அவளே ஓட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று பயம்.]

3

ஊரில் ஒரு சின்ன அரங்கம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் புதிய ஆட்கள் வந்து வாசிப்பார்கள். அதன் ஏற்பாட்டாளருக்கு டமாரம் அனுப்பாத இசை இல்லை. ஒருநாள் அவரே போன் செய்தார்.

"நல்லாத்தாங்க இருக்கு. ரொம்ப சுத்தமாவும் இருக்கு. ஆனா இதையெல்லாம் நான் ஏற்கெனவே கேட்டிருக்கேன்."

"நான் முன்னாடியே அனுப்பினதா?"

"இல்லீங்க. மத்தவங்க அனுப்பினது."

திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கடைசியாக ஒன்று அனுப்புங்கள், வருகிற மாதம் ஒரு சனிக்கிழமை காலியாக இருக்கிறது, இதுவும் சரிவராவிட்டால் விட்டுவிடலாம் என்றார். இதுவும் போனால் கீபோர்டு, மைக் எல்லாவற்றையும் விற்றுவிட்டு முழுநாளும் கடைக்கே போய்விடுவேன் என்று அக்காவிடம் சொன்னாள் டமாரம். அக்கா வழக்கமாக இதற்கெல்லாம் ஏதாவது கிண்டல் வைத்திருப்பாள். அன்று கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இங்கே அவள் வேலை செய்கிற விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு இசையைத் தொடங்கும் முன் அவள் மைக் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்து, முழுவதையும் வாயாலேயே முனகிப் பதிவு செய்துகொள்வாள். தும் தும், ஊ ஊ, டிக்கி டிக்கி. இது கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற மாதிரி. அதைச் சுற்றித் தாளமும் வாத்தியமும் எழுப்பி முடித்ததும், முனகலை மியூட் செய்துவிட வேண்டும். எல்லாத் தடவையும் செய்வாள்.

அந்தத் தடவை, அனுப்புகிற நேரம் பார்த்து, வாசலில் அக்கா காரிலிருந்து விடாமல் ஹாரன் அடித்தாள். டமாரம் அவசரத்தில் அனுப்பிவிட்டு ஓடினாள். முனகல் அப்படியே உள்ளே இருந்தது.

4

ஏற்பாட்டாளரின் போன் வந்தபோது ஒரு வாடிக்கையாளர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்த 'அப்புறம் பாத்துக்கலாம்' எப்படிங்க தோணுச்சு?"

"எது?"

"நடுவுல வருதே! எங்க ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அப்புறம் சிரிப்பு நின்னு, தலை மட்டும் ஆடிட்டே இருந்துச்சு. ஆமா, அந்த பிரேக் அம்மா யாரு?"

டமாரம் போனை வைத்தாள். வாடிக்கையாளரின் கண்ணைத் திறக்கச் சொல்லவும் மறந்து, பின்னறைக்குப் போய் ஹெட்போனை மாட்டினாள். தாளத்துக்கு நடுவே அவள் குரலே கேட்டது: "தும் தும்... இங்க ஏதோ வரணும்... என்னன்னு தெரியல... சரி, அப்புறம் பாத்துக்கலாம்." கொஞ்சம் தள்ளி, பக்கத்து அறையில் மாணவர் யாரிடமோ போனில் பேசும் அக்கா: "பயப்படாதீங்க, எங்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கு." அந்த இடத்தில் பேஸின் கனத்த ஒலி வந்து இறங்குகிறது. எதேச்சையாக, ஆனால் கச்சிதமாக.

மானம் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தாள். திரும்பக் கூப்பிட்டால் ஏற்பாட்டாளரோ இதே மாதிரி அரைமணி நேரத்துக்கு வேண்டும் என்றார்.

5

இதே மாதிரி! சொல்வதற்கு என்ன?

டமாரம் மைக் முன்னால் உட்கார்ந்து வேண்டுமென்றே முனகினாள். விளம்பரத்தில் வருகிற முனகல் போல இருந்தது. வேண்டுமென்றே "அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். தன் காதுக்கே கூசியது. அக்காவைப் பிடித்து உட்கார வைத்து, அன்றைக்குச் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். மைக்கைப் பார்த்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "அஞ்ச வேண்டாம். என்னிடமும் ஒரு தடைக்கருவி உள்ளது" என்றாள்.

"அக்கா, நீ என்ன செய்தியா வாசிக்கற?"

"பின்ன? ரெக்கார்டு ஆகுதுல்ல?"

(எனக்கும் இதே தொல்லைதான். இரண்டாம் பகுதியில் இரண்டு அடைப்புக்குறிகள் போட்டிருக்கிறேன். ஒன்று நிஜமாகவே உவமை கிடைக்காமல் நின்றது. மற்றது, கைபோன போக்கில் எழுதினது மாதிரித் தெரிவதற்காக நான் பலமுறை திருத்தி எழுதியது. எது எது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். வாசகர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை.)

அடுத்த நாலைந்து நாள் முயன்றும் ஒன்றும் அமையவில்லை; எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று டமாரம் முடிவு செய்தாள். கடைசியில் ஒரு ஞாயிறு காலை, விற்கப்போகிற சாமானைப் படம் எடுத்து முடித்த கையோடு, லேப்டாப்பைத் துடைத்துக் கொடுக்கலாம் என்று டமாரம் பழைய பதிவுகளை அழிக்கத் திறந்தாள். பாதியில் கைவிட்டவை, திருப்பி அனுப்பப்பட்டவை, வருஷக்கணக்காகக் குவிந்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு முனகல் மியூட்டில் கிடந்தது.

அழிக்கும் முன் சும்மா கேட்போமே என்று முனகலைத் திறந்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் மியூட் செய்தாள். யாரோ ஒரு நண்பர் கொடுத்த தாளம் போயிற்று. எங்கோ கேட்டு மயங்கிய வாத்தியம் போயிற்று. மிச்சம் இருந்தது ஒரு பெண், தாளத்துக்கு ஒரு இழை பின்னால் நடந்துகொண்டு, தப்பு வந்தால் மூக்கால் சிரித்துக்கொண்டு, தன்னையே "ஏய் லூசு" என்று திட்டிக்கொண்டு. அடுத்ததைத் திறந்தாள். அதிலும் அவளே. அதற்கடுத்ததிலும். வாத்தியங்கள் வருஷத்துக்கு வருஷம் மாறியிருந்தன. அந்த ஒரு இழை தாமதம் மட்டும் மாறவே இல்லை.

"அக்கா, இங்க வாயேன்" என்று கூப்பிட்டாள். சந்தோஷத்தில் குரல் உடைந்துவிட்டது. "இத்தனை நாளா இவளையா மூடி வச்சிருந்தேன்!"

6

ஒரு சாயங்காலம் என் கதவு தட்டப்பட்டது. டமாரம் லேப்டாப்போடு நின்றாள்.

"சார், ஒரு பர்மிஷன் வேணும்."

அரங்கத்துக்காகச் செய்த அரைமணி நேரத்தில் ஓரிடத்தைப் போட்டுக் காட்டினாள். முனகல் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று டொம், டொம், டொம். என் முஷ்டி! அன்று சுவரில் குத்தியது அவள் மைக்கில் பதிந்திருக்கிறது. வெட்கத்தில் என் காது சிவந்தது. பிறகு ஒரு கணம் நிசப்தம். மறுபடி தாளம் ஆரம்பிக்கும்போது அது முன்பைவிட நிதானமாக இருந்தது.

"நீங்க தட்டினதுக்கு அப்புறம் வேகத்தை மாத்திட்டேன் சார். உங்க தட்டல் மெதுவா இருந்துச்சா, அதுதான் சரின்னு பட்டுச்சு. வச்சுக்கட்டுமா, எடுத்துடட்டுமா?"

நான் மேசை மேல் கிடந்த காகிதங்களைக் காட்டினேன். "நானும் உங்களை ஒரு கதையில போட்டிருக்கேன். வச்சுக்கட்டுமா, எடுத்துடட்டுமா?"

"முதல்ல நீங்க சொல்லுங்க."

"இல்ல, நீங்க சொல்லுங்க."

காபி குடித்தோம்.

7

சனிக்கிழமை மாலை. எனக்கு இரண்டு முடிவுகள் தோன்றின.

முடிவு அ: அரங்கமே எழுந்து ஆடுகிறது, ஏற்பாட்டாளர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். [காது குத்தாதே.]

முடிவு ஆ: மின்சாரம் போய்விடுகிறது, டமாரம் வாயாலேயே முழுவதையும்— [இது கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடக்கவில்லை.]

நடந்தது இதுதான். கூட்டம் பாதி அரங்கம். நான் கடைசியில் சுவரை ஒட்டி நின்றேன். அக்கா முதல் வரிசையில், மாணவர் பக்கத்தில் உட்காருகிற அதே தோரணையில், பிரேக்கை மிதிப்பது போல வலது காலைத் தரையில் அழுத்தி ஊன்றியிருந்தாள். தன் குரல் இதில் இருப்பது அவளுக்குத் தெரியும். அது "தடைக்கருவி" குரல் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் டமாரம் முனகல்களை எல்லாம் ஒரே பொத்தானுக்குக் கீழே வைத்திருந்தாள். அது மியூட்டில் இருந்தது. மற்றவை மட்டும் ஓடின, சுத்தமாக, தெளிவாக. ஏற்பாட்டாளர் ஏற்கெனவே கேட்டவை. இரண்டொருவர் போனை எடுக்கத் தொடங்கினார்கள். பிளாஸ்திரி ஒட்டிய விரல் பொத்தானுக்கு மேல் வந்து நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. என் கை தானாகவே முஷ்டியாயிற்று.

அக்கா தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, தரையிலிருந்து வலது காலை எடுத்தாள்.

[இங்கே ஏதோ வரணும். என்னன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். கொஞ்சம் வாயால் முனகிப் பாருங்கள். பக்கத்தில் சுவர் இருந்தால் மூன்று தட்டும் தட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால், உட்காரச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பாத்துக்கலாம்.]